உலைக்கு அரிசி வந்த பிறகு

பசித்தவருக்குச் சோறிடுவது அறம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. வயிறு நிறைந்ததும் அந்தக் கடமை முடிந்துவிடுகிறதா என்பதுதான் கேள்வி.

பசிக்குத் தமிழ்நாடு நல்ல விடையே சொன்னது. 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோதும், இங்கே அது எல்லோருக்கும் பொதுவாகவே நீடித்தது. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஆனாலும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், மாநிலத்தின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. காரணங்கள் பல, சத்துக்குறைவு அவற்றில் முக்கியமானது. ரேஷனில் சலுகை விலைக்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை நான்கு பேர் ஒரு மாதத்துக்குப் பகிர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம்தான். உலைக்கு அரிசி வந்துவிட்டது. குழம்புக்குப் போதிய பருப்பும் காயும் வரவில்லை.

'கையில் காசிருந்தாலும் பாக்கெட் தீனிதான் வாங்குவார்கள்' என்று சிலர் குறை சொல்வார்கள். அன்றாடக் கூலியில் வாழ்பவரின் கணக்கு வேறு. பத்து ரூபாய் பிஸ்கட் கெடாது. பிள்ளையும் மறுக்காமல் தின்னும். கீரையோ மாலைக்குள் வாடிவிடும். பிள்ளை ஒதுக்கினால் அன்றைய காசு வீண். வீணாக்க வழியில்லாதவரின் எச்சரிக்கையை அறியாமை என்பது நியாயமில்லை.

இதைவிடக் கனமானது இன்னொரு மறுப்பு: பிறர் என்ன உண்ண வேண்டும் என்று முடிவுசெய்ய அரசு யார்? உணவில் நம்பிக்கையும் பழக்கமும் கலந்திருப்பதால், இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வாங்க வழியில்லாதவருக்குத் தேர்வுரிமை வெறும் சொல். சத்து, தேர்வுரிமை இரண்டையும் காக்கும் வழி சத்துணவுக் கூடத்திலேயே இருக்கிறது. பள்ளி நாள்தோறும் முட்டை. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு பெற வழி செய்ததும் இதே நெறிதான். சத்தைக் கைக்கெட்டச் செய்வது அரசின் பொறுப்பு; எடுப்பதும் விடுவதும் உண்பவரின் உரிமை.

செலவு பற்றிய கேள்வியும் நேர்மையானதே. பருப்புக்கும் முட்டைக்கும் ஒதுக்கும் பணம் வேறொரு தேவையிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் கொடுக்காமல் விட்டாலும் செலவு இருக்கிறது. சோர்ந்த உடலாலும் இழந்த கூலியாலும் அதை அந்த ஏழைக் குடும்பமே செலுத்துகிறது. எந்த நிதிநிலை அறிக்கையிலும் அது ஏறுவதில்லை. தாங்க முடியாதவர் தலையில் செலவை இறக்கிவிட்டு, அதைச் சிக்கனம் என்று அழைக்கக் கூடாது.

சத்துணவு முட்டை பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது; வீட்டிலிருக்கும் தாயை அது எட்டுவதில்லை. பல வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உண்பவள் தாய். அவள் தட்டில் சோற்றோடு பருப்பும் கீரையும் வந்து சேரும் நாள்வரை, சோறிட்ட கடமை பாதியில்தான் நிற்கிறது.