முப்பத்தாறு படங்களின் விரதம்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகும் பேருந்து காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டியதும், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களின் கைகளில் கைப்பேசி ஏறிவிடும். அடுத்து காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் சமவெளி வேறு கோணத்தில் விரிகிறது. சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் பலரிடம் நூறு படங்களாவது சேர்ந்திருக்கும். இதே பாதையில் ஃபிலிம் கேமராவுடன் வருகிறவருக்கு ஒரு ரோலில் 36 படங்கள்தான். இரண்டு வளைவுக்கு ஒன்று என்று எடுத்தாலும் மேலே போனதும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கென்று மிஞ்சுவது ஒன்றே ஒன்று.

பொழுதுபோக்காகப் படமெடுக்க டிஜிட்டல் வாங்குவதா, ஃபிலிம் வாங்குவதா என்பது பார்வைக்குக் கடைத்தெருக் கேள்வி. ஆனால் ஃபிலிமை விரும்புகிற இளைஞர்களிடம் பேசிப் பார்த்தால் அவர்கள் சொல்லும் காரணங்கள் ஆன்மிகத்தின் பக்கம் போய்விடுகின்றன. ஃபிலிம் பொறுமையைக் கற்றுத் தருகிறது, ஆசையைக் குறைக்கிறது, பார்க்க வைக்கிறது என்கிறார்கள். அது உண்மையானால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். கருவி போடுகிற கட்டுப்பாடு ஒருவரின் சொந்த அடக்கம் ஆகுமா?

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொள்கிறவர்களை நம் ஊர்களில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மணிக்கட்டில் இருப்பது மஞ்சள் நூல், இழுத்தால் அறுந்துவிடும். அது யாரையும் பிடித்து நிறுத்துவதில்லை. கட்டிக்கொண்டவர் தாமே நிற்கிறார். ஃபிலிம் ரோலும் அப்படியொரு காப்புதான், கொஞ்சம் விலை கூடிய காப்பு. இன்று ஒரு ரோல் பல நூறு ரூபாய். நல்ல கலர் ரோல் ஆயிரத்தைத் தாண்டும். கழுவவும் ஸ்கேன் செய்யவும் தனிச் செலவு. ஆனால் பணம் இருப்பவர் அடுத்த ரோலை மாட்டிவிட முடியும்.

அமெரிக்காவின் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் அதைத்தான் செய்தார். 1984இல் அவர் இறந்தபோது, எடுத்து முடித்தும் கழுவப்படாத ரோல்கள் சுமார் 2,500 கிடந்தன. ஃபிலிம் அவரைத் தடுக்கவில்லை. இங்கே ரகு ராய் பல பத்தாண்டுகள் ஃபிலிமில் வேலை செய்துவிட்டு டிஜிட்டலுக்கு மாறினார். அதனால் அவருடைய பார்வை மழுங்கிவிடவில்லை. ஆகவே ஃபிலிம் தவம், டிஜிட்டல் போகம் என்று பிரித்துவிட முடியாது.

அதற்காகக் கருவிக்குப் பங்கே இல்லை என்பதும் சரியல்ல. உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையை அடைகிறது என்பது சைவ சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் நிலைநாட்டிய மரபில், பக்கத்தில் இருக்கும் பொருளின் நிறத்தை வாங்கிக்கொள்ளும் படிகத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நாள் முழுக்கக் கையில் இருக்கும் கேமராவைச் சார்ந்து பார்வையும் நிறம் மாறத்தான் செய்கிறது.

அந்த மாற்றம் நடக்கிற இடம் மிகச் சிறியது. டிஜிட்டலில் ஷட்டரை அழுத்திய உடனே கண் மலையை விட்டுத் திரைக்குப் போகிறது. படம் சரியாக வந்ததா என்று பார்த்து முடிப்பதற்குள் மேகம் நகர்ந்துவிடுகிறது. ஃபிலிமில் பார்க்கத் திரையே இல்லை. வெள்ளி உப்புப் படிகத்தில் ஒளி பட்டதும் ஒருசில வெள்ளி அணுக்கள் கொண்ட ஒரு துகள் உருவாகிறது. அதுதான் படம், கழுவும்வரை யாராலும் பார்க்க முடியாது. வினை முடிந்துவிட்டது, பலன் கைக்கு வரவில்லை. அந்த இடைவெளியில் கண்ணுக்கு மலையைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

அறிவும் அங்கே தேவைப்படுகிறது. கொல்லிமலையின் காலைப் பனிமூட்டத்தை அளக்கும் லைட் மீட்டர் வெண்மையைக் கண்டு ஏமாந்து ஒளியைக் குறைத்துவிடும். பனி அழுக்குச் சாம்பலாகிவிடும். ஒரு ஸ்டாப்பாவது கூட்டி வைக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ரோல் மாட்டும்போதும் கவனம் வேண்டும். லீவரைச் சுற்றும்போது இடப்பக்கம் உள்ள ரீவைண்ட் குமிழும் கூடவே திரும்புகிறதா என்று பார்க்காவிட்டால், பற்களில் சிக்காத ஃபிலிம் அசையாமல் கிடக்கும். எண் மட்டும் 36 வரை ஓடும். படம் ஒன்றுகூட இருக்காது.

ஃபிலிமுக்கு ஒரு சுத்தம் கற்பிப்பவர்கள் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளி உப்பைத் தாங்கி நிற்பது ஜெலட்டின். மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. கொல்லாமையை விரதமாகக் கொண்டவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. டிஜிட்டலின் பேட்டரிக்கும் சுரங்கம் தோண்டுகிறார்கள். குற்றமே இல்லாத கேமரா எந்தக் கடையிலும் இல்லை.

நம்மிடமே ஒரு ஃபிலிம் தொழிற்சாலை இருந்தது. உதகையில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோலும் எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்தது. 1996இல் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, பிறகு மூடப்பட்டது. இப்போது ரோலுக்கு வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டும்.

கோயில்களில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. தரிசனத்துக்கு வந்தவர்கள் சன்னதியில் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டவர்களுக்கு அந்த உத்தரவின் நியாயம் புரியும். ஆனால் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரின் கதையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்தச் செப்புத் திருமேனி திருடுபோய், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அது எந்தக் கோயிலுடையது என்பதற்குச் சாட்சியாக நின்றது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994இல் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014இல் நடராஜர் இந்தியா திரும்பினார்.

அந்த நிறுவனம் 1950களிலிருந்து தென்னகக் கோயில்களை ஊர் ஊராகப் படமெடுத்து, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை முறையாகச் சேமித்திருக்கிறது. அழகுக்காக எடுத்தவை அல்ல அவை. பொறுப்போடு எடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில் என்று குறித்து வைத்தவை. ஒரு பொருளைப் படமெடுக்கிறவர் அதற்குக் கடன்படுகிறார் என்றால், அந்தக் கடன் தீர்வது ஷட்டரில் இல்லை, பாதுகாப்பதில். இதில் டிஜிட்டல் ஏமாற்றிவிடுகிறது. கைப்பேசி தண்ணீரில் விழுந்ததும் மூன்று வருடத் திருவிழாக்கள் போய்விடுகின்றன. நெகட்டிவ் உறைக்குள் கிடக்கும்; அதுவும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொண்டால்தான்.

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலையேறுகிற ஒரு புதியவர் கேட்டால், முதலில் டிஜிட்டலையே எடுத்துக்கொள்ளச் சொல்வதுதான் நேர்மை. கற்றுக்கொள்ள அதில் செலவில்லை. ஆனால் திரையை அணைத்துவிட்டு, ஒரு பயணத்துக்கு 36 என்று தானே காப்புக் கட்டிக்கொள்ளட்டும். ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் நடக்கும் வல்வில் ஓரி விழா முழுக்க அது உடையாமல் இருந்தால் அவருக்கு ஃபிலிம் தேவையே இல்லை. உடைந்துகொண்டே இருந்தால் ஒரு பழைய மேனுவல் கேமராவும் இரண்டு கறுப்பு வெள்ளை ரோலும் வாங்கலாம். கருவியின் உதவியை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதில் எடுத்தாலும் ஆண்டுக்குப் பத்துப் படங்களையாவது பிரிண்ட் போட்டு, பின்புறம் ஊரும் தேதியும் எழுதி, சந்தையில் அன்னாசியும் மிளகும் விற்றபடி முகம் காட்டியவருக்கு அடுத்த முறை போகும்போது ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும்.