ஊர்ப்பெயரா, வசைப்பெயரா?

"இவனைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சொன்னவன் வேறு யாருமல்லன்; நானேதான். பானிப்பட்டுப் போரைப் பற்றிக் கேட்டபோது, பலகணி வழியே பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான் பதினோராம் வகுப்பு மாணவனொருவன். அவன் கவனத்தைத் திருப்பவே அந்தச் சொல்லை வீசினேன். அவனும் சிரித்தான். கேலிக்கு ஆளானவனே சிரித்துவிட்டபோது யாருக்கு என்ன குறை என்றெண்ணிப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

சிரிக்காதவன் ஒருவன் இருந்தான், மூன்றாம் வரிசையில். நான் கவனிக்கவில்லை. மூன்று மாதங்கள் கழித்து ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றான். இரவில் உறக்கமில்லை, உணவில் விருப்பமில்லை, எழுத்து கண்ணில் படுகிறது, கருத்தில் தங்கவில்லை, காரணமின்றி நெஞ்சு படபடக்கிறது. குனிந்த தலை நிமிராமலே சொல்லி முடித்தான். "இத்தனை நாள் ஏனப்பா சொல்லவில்லை?" என்றேன். "சொன்னால் கீழ்ப்பாக்கம் என்பீர்களே, ஐயா!" என்றான்.

கல்லூரியிலே ஒழுக்கவியல் பயின்றவன் நான். செயலின் நன்மையை நோக்கத்தால் அளப்பதா, விளைவால் அளப்பதா என்ற வினாவுக்கு, காண்ட்டை ஒருபுறமும் மில்லை மறுபுறமும் நிறுத்திப் பத்துப் பக்கம் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன். என் நோக்கம் கேலிதான், கேடு அன்று. ஆயினும் மூன்று மாதங்கள் ஒரு சிறுவனின் வாயைப் பூட்டி வைத்தது எது? என் நோக்கத்தை அவன் எப்படி அறிவான்? அதை நான் என்னோடு வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டேன். அவன் எடுத்துச் சென்றது என் சொல்லை.

கீழ்ப்பாக்கம் செய்த குற்றந்தான் என்ன? 1794-இல் சென்னையில் தோன்றிய மனநோய் மருத்துவமனை, 1871 முதல் அங்கே இயங்கி வருகிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் சாரதா மேனன், 1961 முதல் பல்லாண்டுகள் அதன் தலைமைப் பொறுப்பிலிருந்தார். அடையாற்றிலே 1954 முதல் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. "இவனை அடையாற்றுக்கு அனுப்ப வேண்டும்" என்று எவரேனும் சொல்லிச் சிரிப்பரா? சிரித்தால்தான் நாம் பொறுப்போமா? அடையாறு ஊர்ப்பெயராகவே இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தை மட்டும் வசைப்பெயராக்கி விட்டோம்.

வசைதானே, உயிரா போய்விடும் என்பீர்கள். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் கூரைக் கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். ஓடத் தெரியாதவர்களா அவர்கள்? ஓட முடியாதவர்கள்! அத்தகைய இடங்களிலே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்களா? இல்லை, தோழரே! பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள். பேய் பிடித்தது என்ற நம்பிக்கை ஒரு கையைப் பிடித்திழுத்தது; ஊர் என்ன சொல்லுமோ என்ற நாணம் மறு கையைப் பிடித்திழுத்தது. வறுமைக்கும் அதிலே பங்குண்டு, மறுக்கவில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. நோயாளியைச் சங்கிலியிடலாகாது, உடல்நோய்க்கு நிகராகவே மனநோய்க்கும் மருத்துவம் தரவேண்டும் என்கிறது அது. நல்ல சட்டம். ஆனால் வகுப்பறையிலே ஆசிரியன் உதிர்க்கும் கேலிக்குச் சட்டம் எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது.

"இக்காலப் பிள்ளைகளுக்குத் தொட்டதெல்லாம் நோய்! மன உறுதி போதாது!" என்று சொல்லும் மூத்த ஆசிரியர் ஒருவர் எங்களோடு பணியாற்றுகிறார். அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. தேர்வில் தோற்றவன் இரண்டு நாள் அழுவது நோயன்று, அழட்டும், தேறுவான். ஆனால் எது வருத்தம், எது நோய் என்று பிரித்தறிவது யார் வேலை? அவருக்குக் காய்ச்சல் வந்தபோது மன உறுதியால் தீர்த்துக்கொள்ளவில்லை. குருதியைச் சோதித்துப் பார்த்தார். மேலும், மனநோய்களில் பெரும்பாலானவை 25 வயதுக்குள் தலைகாட்டுபவை. கேலிக்கு மிகவும் அஞ்சும் வயதும் அதுவே.

பையனின் தந்தையைச் சென்று கண்டேன். கல்நெஞ்சரல்லர். மகன் கையிலே மந்திரித்த கயிறு இருந்தது; அதற்கென இரண்டு நாள் கூலியை இழந்திருந்தார். "மருத்துவரிடம் காட்டினால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு என் மகளைக் கேட்டு எவன் வருவான்?" என்றார். நான் சட்டம் பேசினேன், அறிவியல் பேசினேன். பொறுமையாகக் கேட்டவர், "உங்கள் தம்பிக்கு இப்படியென்றால், நீங்கள் வெளியே சொல்வீர்களா, சார்?" என்றார்.

உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. படித்தவன், பட்டம் பெற்றவன், பகுத்தறிவு பேசுபவன், நாக்கு எழவில்லை. "சொல்லத் தயங்குவேன். ஆனால் மருத்துவம் பார்க்காமல் இருக்கமாட்டேன்" என்றேன் கடைசியில். என் வாதங்களுக்கு அசையாதவர் அந்தத் தயக்கத்துக்கு அசைந்தார். நானும் தம்மைப் போன்றவன்தான் என்று கண்டார் போலும்.

மறுநாள் வகுப்பிலே, எவனையும் சுட்டாமல், ஜூன் மாதம் நான் சொன்ன கேலி தவறு என்றேன். 14416 என்று கரும்பலகையில் எழுதினேன். மனநல ஆலோசனைக்கென 2022-இல் தொடங்கப்பட்ட அரசுத் தொலைபேசி எண் அது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். யாரும் சிரிக்கவில்லை, யாரும் எழுதிக்கொள்ளவும் இல்லை. மாலையில் பார்த்தேன், பலகையில் மற்றவை அழிந்திருந்தன. அந்த எண்ணை மட்டும் எவனோ அழிக்காமல் விட்டிருந்தான்.

சனிக்கிழமை காலை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாயிலில் வரிசையிலே நின்றோம், தந்தை, மகன், நான். அவர்கள் தெருக்காரர் ஒருவர் அவ்வழியே வந்தார். "என்ன, யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார். தந்தை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்குத்தான், மாமா. தூக்கம் வரமாட்டேன் என்கிறது" என்றான் பையன்.

அவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். "வரிசை மெதுவாகத்தான் நகரும்; அதோ, அந்த விசுப்பலகையில் உட்கார்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.