தேய்ந்த முதுகு

பழைய சவரக்கத்திகளைச் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது பெயரைத்தான். அலகு முடிந்து கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் ஷெஃபீல்ட் என்றோ சோலிங்கன் என்றோ பொறித்திருக்கும். கூடவே செய்த நிறுவனத்தின் பெயர். ஜோசப் ராட்ஜர்ஸ், வேட் அண்ட் புட்சர் என்றால் விலை ஏறும். அந்தக் கத்தியை ஆயுள் முழுக்கப் பிடித்திருந்தவரின் பெயர் எங்கேயும் இருக்காது.

ஆனால் அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். சவரக்கத்தியைச் சாணைக்கல்லில் படுக்கவைத்துத் தேய்க்கும்போது கூரும் முதுகும் சேர்ந்தே கல்லில் படியும். அலகின் அகலமும் முதுகின் தடிமனும்தான் கூரின் கோணத்தை முடிவு செய்கின்றன. ஏறக்குறைய 16, 17 பாகை. இரண்டும் சேர்ந்தே தேய்வதால் எத்தனை வருடம் ஆனாலும் கோணம் பெரிதாக மாறாது. பொறியியல் படித்தவனாகச் சொல்கிறேன், இவ்வளவு எளிமையான வடிவமைப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தத் தேய்மானம் முதுகில் தட்டையான ஒரு பட்டையாக நிற்கும். வீட்டில் ஒரே முகத்துக்குப் பயன்பட்ட கத்தியில் அது மெலிசாக இருக்கும். நாளெல்லாம் முகம் மாற்றி முகம் பார்த்த தொழில்கத்தியில் பட்டை அகலமாகி, அலகே ஒடுங்கியிருக்கும். நுனிப்பக்கம் மட்டும் அகலமென்றால் பிடித்தவர் அங்கே கூடுதலாக அழுத்தியிருக்கிறார் என்று அர்த்தம்.

புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று நாம் அழிப்பது இதைத்தான். உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கும்போது துருவோடு பட்டையும் மங்கிப்போகும். ஆனால் நிறுவனத்தின் முத்திரை அழியாமல் மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்வோம். செய்தவனின் பெயர் வரலாறு, பிடித்தவனின் தடம் அழுக்கு. இது வெறும் ரசனை சார்ந்த முடிவுதானா?

சிங்கப்பூரில் இந்தமாதிரிப் பழம்பொருட்கள் கிடைத்த இடம் சுங்கை ரோடு. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. இன்று பெரும்பாலும் இணையத்தில்தான் தேட வேண்டும். தந்தப்பிடி போட்ட கத்தியாக இருந்தால் அதற்கும் வழியில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே யானைத் தந்தப் பொருட்களை விற்கத் தடை. நல்ல சட்டம். நூறு வருடத்துக்கு முந்தைய கைப்பிடியிலும் ஒரு யானையின் சாவு இருக்கிறது என்று நம்மை நினைக்க வைக்கிறது. அலகில் இருக்கும் மனித வாழ்க்கையைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் அந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். கத்தியைக் கூராக்குவதற்கும் தீட்டு என்றுதான் சொல்கிறோம். ஆளைத் தள்ளிவைப்பதற்கும் அதே சொல்தான். ஊரே கண்ணை மூடிக் கழுத்தைக் காட்டிய கை அது. அந்தக் கைக்குரியவர் திண்ணைக்கு மேல் ஏறக்கூடாது. அறுவடைக் களத்தில் நெல்லாகத்தான் கூலி. புண்ணுக்குக் கத்தி வைத்தவர்களும் பிள்ளைப்பேறு பார்த்தவர்களும் அதே சமூகத்தினர். மருத்துவர் என்ற பெயர் அப்படி வந்தது. விதவைகளின் தலையை மழிக்கவும் ஊர் அவர்களைத்தான் அழைத்தது. தலித்துகளுக்கு முடிவெட்டக் கூடாது என்று அவர்களிடமே சொன்னது. அப்படி மறுக்கும் கடைகளைப் பற்றி இன்றும் செய்தி வருகிறது. ஒரே கத்தியில் அவமானம் பட்டதும் இருக்கிறது, அவமானம் செய்ததும் இருக்கிறது.

அதனால் பட்டையைக் காப்பாற்று, நினைவைப் போற்று என்று முடித்துவிடலாமா? முடியாது. நான் முடிவெட்டிக்கொள்ளும் தேக்கா கடைக்காரரிடம் இதைப் பேசியிருக்கிறேன். அவர் கையில் இருப்பது பாதி பிளேடைச் செருகும் பிடி. ஜில்லெட் 1904இல் காப்புரிமை வாங்கிய, தேய்ந்ததும் தூக்கிப்போடும் பிளேடின் வம்சம். ஒவ்வொரு ஆளுக்கும் புதுசு.

"அப்பாவோட கத்தி இருக்காண்ணே?"

"ஊர்ல கெடந்துச்சு தம்பி. வீடு மாத்தும்போது பழைய இரும்புல போட்டாச்சு. அத வச்சுக்கிட்டு என்ன பண்றது? அது இருந்தா அப்பா வாசல்ல நின்னதுதான் ஞாபகம் வரும்."

இதற்கு எதிராக ஒரு பாரம்பரிய உரை நிகழ்த்த எனக்குத் தகுதி இல்லை. அந்தக் கத்தியைப் பாதுகாக்கும் கடமையை அவர் தலையில் கட்டுவது, பழைய ஊர் செய்ததை வேறு விதமாகச் செய்வதுதான். எல்லோருடைய அழுக்கையும் நீயே சும என்பது அது.

ஆனால் அவர் மறப்பதும் நான் அழிப்பதும் ஒன்றல்ல. அவருக்கு மறதி ஒரு விடுதலை. எனக்கு அது வசதி. வலி இல்லாத கத்தி அலமாரியில் அழகாக இருக்கும், நல்ல விலைக்கும் போகும். வலித்தவருக்கு மறக்கும் உரிமை உண்டு. காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்த உரிமை கைமாறி வருவதில்லை.

கருவியைத் துருப்பிடிக்க விடுவதும் மரியாதை இல்லை. ஈரப்பதம் சராசரி 80 சதவீதத்தைத் தாண்டும் இந்த ஊரில் கார்பன் எஃகைச் சும்மா விட்டால் சீக்கிரமே செந்துரு தின்றுவிடும். ஆகவே செந்துருவை எடுக்கிறேன், எண்ணெய் பூசுகிறேன். கூரைத் தீட்டுகிறேன். அந்த முதுகில் என் தேய்மானமும் கொஞ்சம் சேரும், சேரட்டும். கறுத்த தழும்புகளையும் பட்டையையும் மெருகேற்றுவதில்லை. கத்தியைக் கைமாற்றும்போது விவரக்குறிப்பில் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதுகிறேன்: 'தொழிலில் இருந்தது. நுனிப்பக்கம் முதுகு தேய்ந்திருக்கிறது.' விலை கொஞ்சம் குறையும்தான்.