அட்டைக் கேடகம்

மே மாத விடுமுறையில் கேளம்பாக்கம், படூர்ப் பக்கம் கடைகளுக்கு மேலே வாடகைக்கு எடுத்த கூடங்களில் விடுமுறை வேதாகமப் பள்ளி களைகட்டும். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டி, பின்பக்கம் எலாஸ்டிக் வைத்துப் பிள்ளைகளுக்குக் கேடகம் செய்து கொடுப்பார்கள். எபேசியருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்துச் சர்வாயுதவர்க்கப் பாடம். சத்தியம் இடைக்கச்சை, நீதி மார்க்கவசம், விசுவாசம் கேடகம், இரட்சணியம் தலைச்சீரா, தேவவசனம் பட்டயம். பட்டயத்துக்குத்தான் போட்டாபோட்டி. இடைக்கச்சையை யாரும் கேட்பதில்லை. கடைசியில் அது வாய் திறந்து எதுவும் கேட்கத் தெரியாத ஒரு பிள்ளையின் இடுப்புக்குப் போய்ச் சேரும்.

பாடத்தில் குறை இல்லை. முடிக்கிற இடத்தில்தான் ஒரு வார்த்தை கூடிப்போகிறது: "இதெல்லாம் போட்டுக்கிட்டா உங்களுக்கு ஒண்ணுமே ஆகாது." பவுல் அப்படி எழுதவில்லை. ஆயுதங்களை வரிசையாகச் சொன்ன கையோடு, அதே அதிகாரத்தில், தான் சங்கிலியில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறார். கவசத்தை வருணித்தவர் கைதி. அந்தச் சங்கிலியை மட்டும் யாரும் அட்டையில் வெட்டித் தருவதில்லை.

பிசாசு, தீமை என்ற பேச்சையே குழந்தைகளிடம் எடுக்கக் கூடாது, பயந்துபோகும் என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் பயம் பாடத்தைக் கேட்டுக்கொண்டா வருகிறது? கரண்ட் போன ராத்திரியில், திரைச்சீலை அசைந்தாலே அது வந்துவிடுகிறது. அதற்கு ஏதோ ஒரு பதிலைப் பெரியவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த வட்டாரத்தில் பிள்ளைக்குக் காவல் தேடாத வீடு எது? ஒரு வீட்டில் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, இடுப்பில் கறுப்புக் கயிறு. அடுத்த வீட்டில் தாயத்து. சற்றுத் தள்ளிக் கோவளத்துக்குப் போனால் தர்காவும் இருக்கிறது, கார்மேல் அன்னை ஆலயமும் இருக்கிறது. கார்மேல் அன்னை பக்தியோடு கூடவே வருவது கழுத்தில் போடும் உத்தரியம். பெந்தெகொஸ்தே வீட்டில் நெற்றியில் ஜெப எண்ணெய், தூங்குமுன் இயேசுவின் இரத்தக் கோட்டைக்குள் வைத்து ஒரு ஜெபம். இவற்றில் எதையும் கேலி செய்வது சுலபம். கட்டிவிடுகிற கையில் இருப்பது அன்பு என்பதை மறந்தால்தான் அந்தக் கேலி வரும்.

ஆகவே கற்பிக்கலாமா என்பதைவிட, என்ன வாக்குறுதியோடு கற்பிப்பது என்பதே கேள்வி.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் கடற்கரையையும் கடைத்தெருவையும் வாரிச் சென்ற சுனாமி, மாதா பேராலயத்துக்குள் இருந்தவர்களைத் தொடவில்லை. இதை இன்றும் மறைக்கல்வி வகுப்புகளில் மாதா செய்த புதுமையாகச் சொல்கிறார்கள். உள்ளே இருந்தவர் ஆயுசுக்கும் நன்றி சொல்லட்டும், அது அவர் உரிமை. ஆனால் வெளியே அலையில் போனவர்களில் பலரும் மாதாவைத் தேடி வந்த யாத்திரிகர்கள்தானே? அலை வந்தபோது மணலில் நின்றது ஒன்றே வித்தியாசம். நாகை மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் இறந்தார்கள். கோவளக் கரையையும் அலை விட்டுவைக்கவில்லை. கோயிலுக்குள் இருந்ததால் பிழைத்தார்கள் என்று வகுப்பில் சொல்லும்போது, அந்த அலையில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும். நன்றியாகச் சொன்னது அதன் காதில் தீர்ப்பாக விழும்.

91-ஆம் சங்கீதமும் இப்படித்தான். கொரோனா நாள்களில் வாட்ஸ்அப்பில் அது சுற்றாத கிறிஸ்தவக் குடும்பம் அபூர்வம். கால் கல்லில் இடறாதபடி தூதர்கள் கையில் ஏந்துவார்கள் என்கிற அந்த வாக்கை நற்செய்தியில் எடுத்து நீட்டுவது யார்? சாத்தான். தேவாலய உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, அதை நம்பிக் குதிக்கச் சொல்கிறான். அவர் குதிக்கவில்லை. அவர் மறுத்தது சங்கீதத்தை அல்ல, அதைப் பரீட்சைச் சீட்டாக்குவதை. பிள்ளைகளுக்குச் சங்கீதத்தை மனப்பாடம் செய்யவைப்பவர்கள் இந்தக் காட்சியையும் சேர்த்துச் சொன்னால் என்ன?

தானியேல் புத்தகத்துச் சூளைக் கதையிலும் இதே விடுபடல். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் தீயில் கருகாமல் வெளியே வந்தது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். உள்ளே போகுமுன் அவர்கள் ராஜாவிடம் சொன்னது தெரியாது: எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர்; அப்படி அவர் செய்யாவிட்டாலும் உம்முடைய சிலையை வணங்க மாட்டோம். விசுவாசம் முழுக்க அந்தச் 'செய்யாவிட்டாலும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஞாயிறு பள்ளியின் ஃபிளானல் போர்டில் தீ இருக்கிறது, தீக்குள் தோன்றிய நான்காவது ஆள் இருக்கிறார், இந்தச் சொல்லுக்கு மட்டும் இடமில்லை.

இதில் வெறும் இறையியல் நுட்பம்தான் இருக்கிறது என்று நினைத்தால் தப்பு. விசுவாசம் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு ஒருநாள் ஏதோ ஆகிவிடுகிறது என்று வையுங்கள். தெரிந்த ஆள், வீட்டுக்கு வந்துபோகிறவர், சமயத்தில் ஜெபிக்கிறவரே, தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார். பிள்ளை கணக்குப் போடும்: ராத்திரி ஜெபத்தை முழுசாகச் சொல்லவில்லை, வகுப்பில் சிரித்தேன், அதனால்தான் காவல் விலகிவிட்டது. வெளியே சொன்னால் விசுவாசம் இல்லாத பிள்ளை என்ற பேர் வரும். வாயை மூடிக்கொள்ளும். அட்டைக் கேடகம் இப்போது மறைப்பது பிள்ளையை அல்ல, அந்த ஆளை.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். போதகருக்கும் பங்குத்தந்தைக்கும் விதிவிலக்கு இல்லை. சொல்லாமல் விடுவதும் தண்டனைக்குரியது. சட்டம் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. ஆனால் முதலில் பிள்ளை வாய் திறக்க வேண்டுமே. பவுலின் பட்டியலில் முதலாவதாக நிற்பது அந்த யாரும் கேட்காத இடைக்கச்சை, சத்தியம். நடந்ததை நடந்தபடி சொல்லலாம், சொன்னால் கடவுளும் கோபிக்க மாட்டார், அம்மாவும் கோபிக்க மாட்டாள் என்று தெரிந்த பிள்ளைதான் அதைக் கட்டியிருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாட வசனத்தோடு சேர்த்துக் கற்றுக்கொடுத்தால் ஆவிக்குரிய பாடம் கெட்டுப்போகாது.

பொய் வாக்குறுதி தராமல் பிள்ளைக்குக் காவல் ஜெபம் சொல்லித்தர ஒரு பழைய மாதிரி உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க், மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் ஆக்கினார். வீட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதிய அந்தப் புத்தகத்தில் இராத்திரி ஜெபம் ஒன்று உண்டு. சத்துரு தன்மேல் வல்லமை கொள்ளாதபடி பரிசுத்த தூதன் கூட இருக்கட்டும் என்று கேட்கிற ஜெபம். அதை முடித்ததும் உடனே சந்தோஷமாகத் தூங்கப் போகச் சொல்கிறார் லூத்தர். எச்சரிக்கை இல்லை, நிபந்தனை இல்லை. அவருடைய மூலப் புத்தகம் வந்தது 1529-இல். அதற்கு முந்தின வருஷம்தான் அவருடைய கைக்குழந்தை எலிசபெத் இறந்திருந்தாள். பதின்மூன்று வருஷம் கழித்து மகள் மக்தலேனாளும் அவர் கையிலேயே உயிரை விட்டாள். ஜெபத்தில் அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.