குழந்தையைக் கேட்டீர்களா?

'பையனை எந்த ஸ்கூல்ல போட்டிருக்கீங்க?' என்பது நம் ஊரில் 'சாப்பாடு ஆச்சா?' மாதிரி ஒரு குசல விசாரிப்பு. 'ஸ்கூலுக்கு அனுப்பலை, வீட்லயே படிக்கிறான்' என்று பதில் வந்தால் கேட்டவர் முகம் மாறும். உடம்பு கிடம்பு சரியில்லையோ, ஃபீஸ் கட்ட முடியலையோ என்று குரலைத் தாழ்த்துவார். இரண்டும் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி: 'அப்ப பத்தாவது எப்படி எழுதுவான்?'

எழுதலாம். என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், 14 வயது முடிந்தால் பத்தாவதுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு ஐந்து வருஷம் செல்லும். பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். கொஞ்சம் வசதி இருப்பவர்கள் கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. பரீட்சைக்குத் தனித்தேர்வராகப் போகிறார்கள். பாடத்திட்டமே வேண்டாம், குழந்தைக்கு எதில் ஆசையோ அதன் பின்னால் போகட்டும் என்று விடுகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு மூலவர் ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர். பள்ளிகளைத் திருத்திவிடலாம் என்று புத்தகம் எழுதிப் பார்த்து அலுத்துப்போய், 1977-ல் பள்ளியில்லாமல் வளரும் குழந்தைகளுக்காக ஒரு பத்திரிகையே ஆரம்பித்தவர்.

சட்டம் என்ன சொல்கிறது? 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லை. ஜெர்மனி இப்படி இல்லை. அங்கே வீட்டில் படித்துக்கொண்டிருந்த நான்கு குழந்தைகளை 2013-ல் அதிகாரிகள் மூன்று வாரம் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தார்கள். அது உரிமை மீறல் அல்ல என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது.

ஆக, சட்டத்தின் கவலை ஒரு பக்கம், எந்தப் பாடத்திட்டம் நல்லது என்ற பெற்றோர் கவலை இன்னொரு பக்கம். புத்தகம் வாங்கி, ஏற்கெனவே செய்தவர்களை விசாரித்து, மூன்று மாதம் ஒன்று, ஆறு மாதம் இன்னொன்று என்று மாற்றிப் பார்க்கிறார்கள். இதெல்லாம் பதில் கிடைக்கக்கூடிய கேள்விகள். கஷ்டமான கேள்வி வேறு. இந்த முடிவு யாருக்காக?

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற இங்கிலாந்துத் தத்துவவாதி, 1806-ல் பிறந்தவர். சின்ன வயதில் பள்ளிக்கூடம் பார்க்காதவர். அப்பா ஜேம்ஸ் மில்தான் வாத்தியார். மூணு வயசில் கிரேக்கம், எட்டு வயசில் லத்தீன். மற்ற பையன்களோடு சேர்ந்தால் கெட்டுப்போவான் என்று சேர்க்கை கிடையாது. படித்ததைத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். பையன் மேதையானான். 1826-ல், 20 வயதில், தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டான். 'நீ பாடுபடும் சீர்திருத்தமெல்லாம் இந்த நிமிஷமே நடந்துவிட்டால் உனக்கு சந்தோஷமா?' உள்ளேயிருந்து வந்த பதில், இல்லை. மாதக்கணக்கில் மனசு இருண்டு கிடந்தது.

இதைச் சொல்லி வீட்டுக் கல்வியைத் திட்டுவது நியாயமில்லை. அந்தப் படிப்பால் தன் வயதுக்காரர்களைவிடக் கால் நூற்றாண்டு முந்திக் கிளம்ப முடிந்தது என்று மில்லே எழுதியிருக்கிறார். 1859-ல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலில், பிள்ளை படித்தாக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தலாம், எங்கே எப்படி என்பதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். கூடவே, குழந்தையைத் தன்னில் ஒரு பாகமாக நினைக்கும் தகப்பன்மார்களை ஒரு பிடி பிடித்தார். அனுபவித்தவர் வார்த்தை.

இதே புள்ளிதான் 1972-ல் அமெரிக்க உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. ஆமிஷ் சமூகத்தைச் சேர்ந்த பெற்றோர், எட்டாவதுக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம், பண்ணையிலும் வீட்டிலும் கற்றால் போதும் என்றார்கள். விஸ்கான்சின் மாநிலம் ஆளுக்கு 5 டாலர் அபராதம் போட்டது. உச்சநீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. வில்லியம் டக்ளஸ் என்ற நீதிபதி மட்டும் உறுத்தலான ஒன்றைக் கேட்டார். எல்லாரும் அரசின் உரிமை, பெற்றோரின் உரிமை என்று பேசுகிறீர்களே, அந்தப் பிள்ளைகளைக் கேட்டீர்களா? ஒரு பெண்தான் சாட்சி சொல்லியிருந்தாள். மற்றவர்களுக்குப் பியானோ வாசிக்கவோ விண்வெளிக்குப் போகவோ ஆசை இருந்தால்?

'ஆறு வயசுக் குழந்தையைக் கேட்டா ஐஸ்கிரீம் கடையில சேர்த்துவிடுன்னு சொல்லும் சார்' என்பீர்கள். வாஸ்தவம். பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் மட்டும் கேட்டா அனுப்புகிறார்கள்? தூக்கத்தில் எழுப்பி, ஷூ மாட்டி, வேனில் ஏற்றிவிடுகிறோம். கேள்வி இரண்டு வீட்டுக்கும் பொது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளை வீட்டுக்கு வந்து, 'மிஸ் திட்டினாங்கம்மா' என்று அழலாம். வீட்டில் கோபம் என்றால் ஸ்கூலில் ஒரு டீச்சர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார். வீடே பள்ளி, அம்மாவே மிஸ் என்றால், மிஸ்ஸைப் பற்றி யாரிடம் புகார் சொல்வது? குழந்தைக்குப் பெற்றோரைத் தவிர இன்னொரு பெரிய மனிதர் வேண்டும். தாத்தாவோ, சிலம்பம் கற்றுத்தரும் மாஸ்டரோ, நூலகக்காரரோ, யாராவது. பாடத்திட்டம் தேடும் அக்கறையில் பாதியை இதற்குச் செலவிட்டால் நல்லது.

அந்த அம்மாவையும் யாரும் கேட்பதில்லை. 'நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு' என்பார் கணவர். வேலையை விட்டது பெரும்பாலும் ஒருவர்தான். மில்லின் வீட்டிலும் ஒரு அம்மா இருந்தார். அச்சில் வந்த அவருடைய சுயசரிதையில் அந்த அம்மாளைப் பற்றிப் பேச்சே இல்லை.

கேட்பது என்றால் சொன்னதையெல்லாம் செய்வது அல்ல. முடிவுக்கு ஆயுள் காலம் வைக்காமல் இருப்பது. ஒவ்வொரு ஜூன் மாதமும், 'இப்படியே இருக்கலாமா, மாத்தலாமா?' என்று நிஜமாகவே கேட்பது. பத்து வயதில் அந்தக் கேள்வி புரியும். பதினாலில் பதிலுக்குக் காரணமும் சொல்வார்கள். எந்த வழியில் படித்தாலும், மனசு மாறினால் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும் அளவுக்குக் கணக்கும் எழுத்தும் கையில் இருக்கவேண்டும். அந்த அளவுக்காவது பாடத்திட்டம் தேவை.

மூன்று வருஷம் உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்த பிறகு, ஒருநாள் பிள்ளை வந்து, 'அம்மா, நான் ஸ்கூலுக்குப் போகட்டுமா?' என்று கேட்கிறது என்று வையுங்கள். அப்போது மனசில் முதலில் வருவது 'தோத்துட்டோமே' என்றால், இத்தனை நாள் நடந்த பள்ளிக்கூடம் உங்களுக்காக நடந்தது. 'யூனிஃபார்ம் எங்க தைக்கிறதுன்னு விசாரிக்கணும்' என்பது வந்தால், பிள்ளை நன்றாகவே படித்திருக்கிறது.