பிள்ளை அமானிதம்: நாட்களைக் கடத்தாதீர்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

ஒரு வீட்டில் இரண்டு வயது தாண்டியும் பிள்ளை பேசவில்லை. "இவன் வாப்பாவும் லேட்டாத்தான் பேசுனான்" என்கிறார் பெரியம்மா. "கண்ணூறு பட்டிருக்கு" என்கிறார் இன்னொருவர். கடைசியில் பழியெல்லாம் பெற்ற தாயின் தலையில் விழுகிறது. இப்படியே ஒரு வருடம் ஓடிவிடுகிறது. கண்ணியத்திற்குரியவர்களே! அந்த ஒரு வருடம் அந்தப் பிள்ளையின் ஹக். பிள்ளை நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதன் நாட்களும் அமானிதம்தான்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்ற ஸஹாபி. குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, தமக்கும் கற்றுத் தரும்படி கேட்டு வந்தார்கள். அவர்கள் விஷயமாகவே குர்ஆனின் 80-வது அத்தியாயமான சூரா அபஸவின் தொடக்க வசனங்கள் இறங்கின. பார்வையில்லாத ஒருவரின் கற்கும் உரிமைக்காக அல்லாஹ் வஹீ இறக்கினான் என்றால், நம் பிள்ளையின் உரிமையை நாம் எப்படி அலட்சியம் செய்வது?

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். மதீனாவில் ரமளானில் ஸுப்ஹு பாங்கு சொல்லும் பொறுப்பு அவர்களுக்குக் கிடைத்தது. வெளிச்சத்தை அவர்களால் காண முடியாது. "விடிந்துவிட்டது" என்று மக்கள் சொல்வார்கள். அவர்கள் பாங்கு சொல்வார்கள். ஊரே அதைக் கேட்டு நோன்பு பிடிக்கும். இது புகாரியில் வரும் செய்தி. அருகிலிருந்தவர்கள் சொன்ன ஒரு வார்த்தை ஒரு மனிதரை முஅத்தினாக நிற்க வைத்தது. நம் பிள்ளைக்குத் தேவையான அந்த ஒரு வார்த்தையை, உரிய காலத்தில் தரவேண்டியவர்கள் பெற்றோர்களாகிய நீங்கள்தான்.

ஆகவே கவனியுங்கள். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், கையசைத்து டாட்டா காட்டாமல் இருப்பது; ஒன்றரை வயதில் நடக்காமலோ ஒரு சொல்லும் பேசாமலோ இருப்பது; இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாமல் இருப்பது; எந்த வயதிலானாலும் பேசிய பேச்சை விட்டுவிடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காது கேட்கிறதா என்பதை முதலில் பரிசோதியுங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஆட்டிசம் போன்று ஏதேனும் இருந்தால், மூளை வேகமாக வளரும் இந்தச் சின்ன வயதில் பயிற்சியைத் தொடங்கலாம்.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். நம் நாட்டில் 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. அங்கன்வாடியில் கேளுங்கள், அரசுத் தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம், செவித்திறன் குறைபாடு உட்பட 21 வகைகள் உள்ளன. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அச்சட்டம் தரும் உரிமை.

துஆ கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். மருத்துவம் செய்யலாமா என்று கேட்ட கிராமவாசிகளுக்கு, செய்யுங்கள் என்றே நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். வீட்டிலும் உங்கள் பங்கு இருக்கிறது. செல்போனை வைத்துவிட்டுப் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுங்கள். சோறு ஊட்டும்போது சோறு என்று சொல்லுங்கள். அது பதில் சொல்லும் வரை பொறுத்திருங்கள். பயிற்சிக்கு அலைவதைத் தாயின் மேல் மட்டும் சுமத்தாதீர்கள்; வாப்பாவும் கூடப் போகட்டும்.

ஜமாஅத்தார்களே! தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கினார்கள். நம் பள்ளியில் ஒரு பிள்ளை சத்தமிட்டால் அதன் வாப்பாவை முறைக்காதீர்கள். அவரை மறுபடியும் வரச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! அவர்களின் தேவையை உரிய காலத்தில் அறியும் அறிவையும், அதற்காக உழைக்கும் பொறுமையையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.