சாப்பிட்டாயிற்று: அன்பின் பொய்யும் அறத்தின் அளவும்

அறவியலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் போர், கொலை, அரசநீதி முதலிய பெரும்பொருள்களையே எடுத்துக்கொள்வர். வீட்டிலும் விடுதியிலும் நாள்தோறும் நிகழும் சிறு பேச்சுகளும், தட்டில் இடப்படும் உணவும் ஒழுக்க ஆராய்ச்சிக்கு உரியனவல்ல என்ற எண்ணம் கற்றோரிடையேயும் உண்டு. திருவள்ளுவர் அவ்வாறு கருதினாரல்லர். அவர் நூலில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரமாகவும் இனியவை கூறல் பத்தாம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. உணவளித்தலும் உரையாடலும் இல்லறத்தில் நெருங்கிய உறவுடையன என்பதை இவ்வைப்புமுறை உணர்த்துகின்றது எனலாம். எனினும் இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணும் இடமும் உண்டு. அவ்விடத்தில் எழும் வினாவொன்றை, சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவரின் வாழ்வை முன்னிறுத்தி ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சப்ரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. நுவரெலியாவைப் போன்று தேயிலை மலைகள் தொடர்ந்து பரந்து கிடக்கும் நிலப்பகுதியன்று இது. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய இடங்களில் தேயிலைத் தோட்டங்களும் இறப்பர்த் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே சிதறிக் கிடக்கின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இத்தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. தோட்டப் பாடசாலைகளோ நெடுங்காலம் ஆரம்ப வகுப்புகளுடன் நின்றுவிட்டன; 1970களிலேயே அவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆதலின் இன்றும் இத்தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் மாணவர் பலர் தத்தம் குடும்பத்தில் அவ்வாயிலைக் கடந்த முதலாமவராகவே உள்ளனர். அவர்கள் விடுமுறையில் வீடு திரும்புதல் ஒரு குடும்பம் முழுவதற்கும் உரிய நிகழ்ச்சியாகும்.

இவ்வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் இடையில் ஒரு சொல் ஓயாது போய்வருகின்றது. 'சாப்பிட்டாச்சு' என்பதே அச்சொல். மாணவர் தொலைபேசியில் அதைச் சொல்லுவர். காலையுணவை விட்டுவிட்டு, நண்பகலில் ஒரு சோற்றுப் பொட்டலத்தை இருவர் பகிர்ந்துண்ட நாளிலும், "சாப்பிட்டாச்சும்மா, நல்ல சாப்பாடுதான்" என்பர். மாணவர் வீடு திரும்பிய தீபாவளி நாளில் அதே சொல்லைத் தாய் கூறுவாள். "நான் அப்பவே சாப்பிட்டேன், நீ சாப்பிடு" என்று கூறி, கறியைப் பிள்ளையின் தட்டில் இட்டு, அனைவரும் உண்டபின் எஞ்சியதைக் கொண்டு தன் பசியை ஆற்றிக்கொள்ளுவாள். இரண்டும் பொய், இரண்டும் அன்பினின்று பிறந்த பொய். இத்தகைய பொய் குற்றமாகுமா, அன்றி அறமேயாகுமா என்பதே வினா.

கடுமையான விடையொன்றைச் செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1797ஆம் ஆண்டில் வழங்கினார். மனிதநேயத்தின் பொருட்டுப் பொய் கூறும் உரிமை எவர்க்கும் இல்லை என்பது அவர் முடிபு. நண்பனைக் கொல்லத் தேடிவருபவனிடங்கூட வாய்மை பிறழலாகாது என அவர் வாதிட்டார். வாய்மையை ஒருவர் தம் நோக்கத்துக்கேற்ப வளைக்கத் தொடங்கினால் எவர் சொல்லும் எவருக்கும் ஆதாரமாகாது என்னும் அவருடைய அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் தன் பங்கைப் பிள்ளைக்கு இட்ட ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பொய்யர் வரிசையில் நிறுத்தும் அறநூல் மனித வாழ்வை முழுமையாகக் கண்ட நூலாகாது என்றே எவர்க்கும் தோன்றும்.

தமிழ் மரபு இவ்விடத்தில் நெகிழ்ச்சியுடையது. வாய்மை என்னும் முப்பதாம் அதிகாரத்தில் வள்ளுவர், பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லையே வாய்மை என வரையறுக்கின்றார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் எனவும் கொள்ளுகின்றார். தாயின் சொல்லுக்கும் மாணவரின் சொல்லுக்கும் இதைவிடச் சிறந்த அரண் வேண்டுவதில்லை எனப் பலர் கருதக்கூடும். ஆனால் வள்ளுவர் விதித்த நிபந்தனை எளிதானதன்று. விளையும் நன்மை குற்றமற்றதாய் இருத்தல் வேண்டும். சொன்னவர் நோக்கம் தூயது என்பது மட்டும் போதாது. சொல்லின் விளைவும் தூயதாதல் வேண்டும். எனவே 'சாப்பிட்டாச்சு' என்னும் சொல்லின் விளைவை நோக்குதல் இன்றியமையாதது.

விளைவு உடலில் தெரிகின்றது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர். தோட்டத்துறையில் மட்டும் இத்தொகை ஏறத்தாழ 32 விழுக்காடாகும். குறைந்த கூலியும் நெருக்கடியான லய வாழ்வும் இதற்கு முதற் காரணங்கள். எனினும் கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், சாயத்தண்ணி என்று சுருங்கிவிட்ட உணவும், பெண் இறுதியில் உண்ணும் வழக்கமும் இக்குறையை மேலும் வளர்க்கின்றன. இரும்புச்சத்து குன்றிய தாய் குருதிச்சோகைக்கு ஆளாகின்றாள். குருதிச்சோகையுற்ற தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு அதிகம். இவ்வாறு ஒரு தலைமுறையின் மறைக்கப்பட்ட பசி அடுத்த தலைமுறையின் உடலில் வெளிப்படுகின்றது. மாணவர் நிலையும் இதற்கு வேறானதன்று. காலையுணவின்றி விரிவுரைக்குச் செல்பவர் கவனம் சிதறுவதையும், அதைத் தம் அறிவுக்குறைவெனத் தாமே எண்ணி ஒதுங்குவதையும் விரிவுரையாளர் பலர் அறிவர். ஆகவே இப்பொய் குற்றமற்ற நன்மையைத் தருவதன்று. வள்ளுவர் தந்த விலக்கினுள் அது முழுமையாக அடங்காது.

உடற்கேட்டினும் நுண்ணியதொரு கேடும் இதில் உண்டு. அரிஸ்டோட்டில் தம் அறவியல் நூலின் நான்காம் பகுதியில், தன்னிடம் இல்லாததை உண்டெனக் கூறுபவனையும், உள்ளதைக் குறைத்துக் கூறுபவனையும் ஒருங்கே வைத்து, இருவரும் வாய்மையின் நடுநிலையினின்று விலகியவர்கள் என்கின்றார். குறைத்துக் கூறுபவன் பண்புடையவனாகத் தோன்றுவான் என்பதையும் அவர் மறுக்கவில்லை. விடுதியில் நிறைவுண்டெனக் கூறும் மாணவர் முதல்வகையினர். தன் தேவையை இல்லையெனக் கூறும் தாய் இரண்டாம் வகையினள். இருவர் சொல்லும் சேரும்போது, ஒருவர் சுமையை மற்றவர் அறிய இயலாதவாறு குடும்பத்தின் நடுவே ஒரு சுவர் எழுகின்றது. தீபாவளி முற்பணம் இதற்குச் சான்றாகும். பண்டிகைக்குமுன் தோட்டத்தில் பெறும் இம்முற்பணம் பின்வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து தவணையாகக் கழிக்கப்படுகின்றது. புத்தாடையும் பலகாரமும் இறைச்சியும் வந்த வழியை அறியாத மாணவர் அவற்றைப் பெறுவாரேயன்றிப் பங்கேற்பாரல்லர். பிறர் துன்பத்தைப் பகிரும் உரிமையை அவரிடமிருந்து அன்பே பறித்துவிடுகின்றது.

இதனால், உண்மையை உரைத்துவிடுதலே தீர்வு என முடித்தல் அவசரமாகும். உடல்நலக் கல்வி பெற்ற மாணவர் பண்டிகை நாளில் தட்டின் முன் அமர்ந்து, எண்ணெய்ப் பலகாரத்தின் தீமையையும் மாவுணவின் குறைபாட்டையும் எடுத்துரைப்பாராயின், அவர் கூறுவன யாவும் உண்மையாயினும் அவர் செய்வது அறமாகாது. அடுப்படியில் நின்றவளின் உழைப்புக்கு அது தீர்ப்புக் கூறுதலாகும். அரிஸ்டோட்டில் நடுநிலையை விளக்க எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டும் உணவே என்பது இங்கே நினைக்கத்தக்கது. மற்போர் வீரன் மைலோவுக்குக் குறைவான அளவு, பயிற்சி தொடங்குபவனுக்கு மிகையாகும். அளவென்பது பொருளில் இல்லை, உண்பவரின் நிலையில் உள்ளது என்பது அவர் கருத்து. அறிவுரைக்கும் இவ்விதி பொருந்தும். நகர்ப்புற நூலொன்று கூறும் பழவகைகளும் பால்வகைகளும் நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அளவாகா. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 விழுக்காட்டைக் கடந்தது. இத்தகைய நிலையில் விலையைப் பிறர்மேல் ஏற்றிவிட்டுக் கூறும் அறிவுரை வெறும் சொல்லாகவே நிற்கும். கூறுபவர் அதன் விலையில் ஒரு பங்கைத் தாமும் ஏற்கும்போதே அறிவுரை அறமாகின்றது.

இக்கொள்கையை நடைமுறையில் நோக்கின் சில வழிகள் புலப்படும். முதலாவது, உணவைப் பற்றியது. உணவோடு அருந்தும் தேநீர் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கின்றது. உணவுக்கு ஒரு மணிநேரமேனும் கழித்து அருந்துதல் நன்று. எலுமிச்சை, கொய்யா, நெல்லி ஆகியவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி, கீரைகளிலும் பருப்பிலும் உள்ள இரும்பைச் சேர்க்கத் துணைசெய்கின்றது. மழை மிகுந்த சப்ரகமுவவில் பலாவும் ஈரப்பலாவும் எளிதில் விளைவன. முருங்கைக்கீரையும் வல்லாரையும் பெரும் பொருட்செலவின்றிக் கிடைப்பன. விடுமுறைக்கு வந்த மாணவர் இவற்றைப் பற்றி விரிவுரை நிகழ்த்துவதினும், தாமே ஒருநாள் பலாக்கொட்டையும் கீரையும் சமைத்து, தாயை முதலில் அமர்த்தி உண்பித்தல் சிறந்த போதனையாகும். பண்டிகைப் பலகாரத்தை மறுத்தல் வேண்டா. மகிழ்ந்து உண்டு, மும்முறை வற்புறுத்தப்படும்போது இரண்டாம் முறையோடு அமைதல் போதும். வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வற்புறுத்துவதும் பசித்தபின் அளவறிந்து உண்ணும் இவ்வொழுக்கத்தையேயாம்.

இரண்டாவது, உரையைப் பற்றியது. "சாப்பிட்டீங்களா?" என்ற வினாவுக்குப் பொய்யே எளிய விடையாக அமைகின்றது, ஏனெனில் அவ்வினா ஆம், இல்லை என்னும் இரண்டிலொன்றையே வேண்டுகின்றது. "இன்றைக்கு என்ன சமைத்தீங்க?", "யார் யார் சேர்ந்து சாப்பிட்டீங்க?" என்று வினவின் உண்மை தானே வெளிவரும், கேட்கப்பட்டவர் குறுக்கு விசாரணைக்கு ஆளாகவும் மாட்டார். வரவுசெலவைப் பற்றிய பேச்சைப் பண்டிகை நாளில் எடுத்தலாகாது. அதற்கு முந்திய விடுமுறையிலேயே, எவ்வளவு முற்பணம் பெறுவது, எதைத் தவிர்ப்பது என்பதை வீட்டார் கூடிப் பேசுதல் நன்று. துன்பத்தைக் கூறும்போது அதனுடன் ஒரு வழியையும் சேர்த்துக் கூறுதல் கேட்பவர்க்கு ஆறுதலாகும். "பணம் முடிந்துவிட்டது" என்பதினும், "பணம் முடிந்துவிட்டது, புலமைப்பரிசில் பணம் வரும்வரை நண்பனுடன் சேர்ந்து சமைக்கின்றேன்" என்பது உண்மையாகவும் இனியதாகவும் அமையும்.

மூன்றாவது, கல்லூரி வாழ்வைப் பற்றியது. மௌனம் சப்ரகமுவத் தோட்ட மக்களுக்கு இயல்பாக வந்ததன்று. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களையும் தாக்கின. அயலில் எவர் இருக்கின்றனர் என நோக்கிக் குரலைத் தாழ்த்தும் பழக்கம் அக்காலத்து அச்சத்தினின்றும் வலுப்பெற்றது. அம்மௌனத்தை மரபுரிமையாகப் பெற்ற மாணவர் விரிவுரை விளங்காதபோதும், உணவுக்குப் பணமில்லாதபோதும், மூத்த மாணவரின் பகிடிவதைக்கு உள்ளாகும்போதும் 'ஒன்றுமில்லை' என்றே கூறுவர். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டுள்ளது. மகாபொல புலமைப்பரிசில் 1980களின் தொடக்கம் முதல் வசதி குறைந்த மாணவர்க்கு உதவி வருகின்றது. பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகரும் உளர். எனினும் வாய் திறவாதவரைச் சட்டமும் நிதியும் தாமாகத் தேடி வருவதில்லை. உதவி கேட்டல் இரத்தலாகாது. அது தன் நிலையை உள்ளவாறு கூறும் வாய்மையின் ஒரு வகை. அதற்கேற்ப, கேட்பதற்கு அஞ்சாத சூழலை அமைத்தல் விரிவுரையாளர் கடமையாகும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். பற்றாக்குறை கூலியினால் வருவது. அதைப் பேச்சினால் நீக்க இயலுமா? உண்மை பேசினால் தட்டிலுள்ள சோறு பெருகுமா? இத்தடை நியாயமானது. பெருகாது என்பதே நேர்மையான விடை. நியாயமான ஊதியமும் நிலவுரிமையும் தக்க குடியிருப்பும் இன்றி, ஒழுக்கப் போதனையால் மட்டும் தோட்டத்தின் பசி தீராது. ஆனால் மறைக்கப்பட்ட பசி எந்தக் கோரிக்கையிலும் இடம்பெறாது என்பதும் உண்மையே. ஒவ்வொரு வீடும் தன் குறையைத் தன் வீட்டாரிடமே மறைக்குமாயின், அது வெளியே ஒரு சமூகத்தின் குறையாக உருப்பெறுவது எங்ஙனம்? அடுப்படியில் பேசப்படும் உண்மையே பிறகு சங்கக் கூட்டத்திலும் மாவட்டச் செயலகத்திலும் பேசப்படும் உண்மையாக வளர்தல் கூடும்.

ஆகவே தாயின் சொல்லைப் பொய்யெனப் பழித்தலும், அறமெனப் போற்றி அவ்வாறே விட்டுவிடுதலும் ஒருங்கே பிழையாகும். அப்பொய் வேண்டாத நிலையை உண்டாக்குதலே கற்ற பிள்ளையின் கடன். தான் உண்டதை உள்ளவாறு கூறி, பிறர் உண்ணாமையை உற்றறிந்து, தன் தட்டிலிருந்து ஒரு பகுதியைத் தாயின் தட்டுக்கு மாற்றும் மாணவரிடம் கல்வி ஒழுக்கமாக மலர்ந்துள்ளது எனலாம்.